அந்த ஆர்க்கிட் எந்த மரத்தில் இருந்தது?

மலைச் சுற்றுலாத் தலங்களில் சாலையோரம் சாக்கில் பரப்பி விற்கும் ஆர்க்கிட்டை வாங்கும் முன் அதன் வேரைப் பாருங்கள். மரப்பட்டைத் துணுக்கும் பாசியும் ஒட்டியிருக்கின்றனவா? இலையில் பூச்சி அரித்த பழைய தழும்புகள் தெரிகின்றனவா? அப்படியென்றால் அது பெரும்பாலும் காட்டு மரத்திலிருந்து பிய்த்தெடுத்த செடிதான். நர்சரியில் வளர்ந்ததன் வேர் தொட்டியின் வடிவத்துக்கு வளைந்து, கரித்துண்டையோ தேங்காய் மட்டையையோ பற்றியிருக்கும்.

ஒரு செடிதானே என்று தோன்றும். ஆனால் ஆர்க்கிட் விதை தூசி போன்றது. அதற்குள் சேமித்த உணவு கிடையாது. உரிய பூஞ்சை துணை சேர்ந்தால்தான் முளைக்கும், பூக்கவும் பல ஆண்டுகள் ஆகும். அதனால்தான் ஒரு காயில் ஆயிரக்கணக்கான விதைகள் இருந்தும் காட்டில் புதுச் செடி அரிதாகவே வருகிறது. பூத்த செடியைப் பெயர்த்தால் விதை தரும் தாயே போய்விடுகிறது. சோலைக்காட்டுக் குளிரில் பழகிய அந்தச் செடி சமவெளி வெயிலில் பிழைப்பதும் அபூர்வம்.

அகத்தியமலைப் பகுதியில் மட்டுமே வளரும் 'பாபியோபெடிலம் ட்ரூரி' என்ற ஆர்க்கிட்டின் கதை இதுதான். மஞ்சள் இதழில் பழுப்புக் கோடு ஓடும் இந்த அழகியை 1865இல் கண்டறிந்தார்கள். பிறகு வணிகத்துக்காகவும் சேகரிப்புக்காகவும் அள்ளி அள்ளி, ஒரு கட்டத்தில் அழிந்தேவிட்டது என்று எண்ணும் நிலை வந்தது. மீண்டும் தென்பட்டாலும், இன்று அது மிக மோசமான அழிவு அபாயத்தில் இருக்கிறது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் செடிகளையும் காக்கிறது. அதன் பட்டியலில் உள்ள பாபியோபெடிலம் இனங்கள், மேகாலயாவின் குடுவைச்செடி போன்றவற்றைக் காட்டிலிருந்து பறிப்பது மட்டுமல்ல, அப்படிப் பறித்ததை விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பட்டியலில் இல்லாத சாதாரண ஆர்க்கிட்டையும் சரணாலயத்திலிருந்தோ தேசியப் பூங்காவிலிருந்தோ அனுமதியின்றி எடுக்க முடியாது. ஆன்லைனில் வெளிநாட்டுச் செடி வாங்குவோருக்கு இன்னொன்று: உலக அளவில் அநேகமாக எல்லா ஆர்க்கிட்டுகளின் வணிகமும், அழிவு அபாய உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாத பார்சல் பறிமுதலாகலாம்.

செடி எங்கே, எப்படி வளர்ந்தது என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. பில் கேளுங்கள். இறக்குமதியான செடி எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை ஆன்லைன் விற்பனையாளர் மறைத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். காட்டுச் செடி விற்பதைக் கண்டால் இடத்தையும் நேரத்தையும் குறித்து வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள். காய்ந்துவிடுமே என்று இரக்கப்பட்டு வாங்கிவிடாதீர்கள். வாங்கினால் அடுத்த வாரமும் ஒரு சாக்கு காட்டிலிருந்து இறங்கும். விற்பவர் ஏழை மலைவாசியாக இருக்கலாம். அவருக்கு நர்சரி வைக்க அரசு கைகொடுக்க வேண்டும்.

ஆர்க்கிட் ஆசையைக் கைவிட வேண்டியதில்லை. திசு வளர்ப்பில் உருவான டென்ட்ரோபியம் கலப்பினங்கள் நம் ஊர் வெயிலையும் தாங்கும், நல்ல நர்சரிகளில் கிடைக்கும். அவற்றையே வாங்குங்கள்.