நான் என்ன நினைக்கிறேன், சொல்லு பார்ப்போம்!

'சைக்காலஜி படிக்கிறேன்'னு சொன்னா போதும்... 'அப்போ நான் என்ன நினைக்கிறேன், சொல்லு பார்ப்போம்'பாங்க! மந்திரமெல்லாம் கிடையாது பாஸ். இளங்கலையில் பரிசோதனை, புள்ளியியல் ரெண்டுமே உண்டு.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கும் ஸ்வார்த்மோர், ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி. அங்கே சேர்ந்த உடனே மேஜர் முடிவு பண்ண வேண்டியதில்லை. தத்துவம், உயிரியல், இலக்கியம்னு ருசி பார்த்துட்டு, இரண்டாம் வருஷம் சைக்காலஜியைத் தேர்ந்தெடுக்கலாம்.

அங்கே பேராசிரியரா இருந்த சாலமன் ஆஷ் 1950-களில் நடத்திய பரிசோதனை உலகப் புகழ். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளத்தில் இருக்கும் கோடு மூணுல எதுன்னு கேட்டார். எல்.கே.ஜி. கேள்வி! ஆனா, கூட இருந்தவங்க எல்லாரும் ஏற்கெனவே பேசிவெச்சபடி தப்பான கோட்டைச் சொன்னாங்க. விஷயம் தெரியாத மாணவர்களில் சுமார் நாலுல மூணு பேர், ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பா சொன்னாங்க. சரியான பதில் சொல்ல ஒரே ஒருத்தர் துணைக்கு இருந்தப்போ, அந்தத் தப்புகள் கால்வாசியா குறைஞ்சுடுச்சு!

கேங் மொத்தமும் ஒரு ஜூனியரை அழ அழக் கலாய்க்குதா? உங்களுக்குப் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லுங்க. பக்கத்தில் இருக்கிறவனும் அதுக்காகத்தான் காத்திருக்கலாம்!