ஒரே தூரம், இரு காலம்

இராயபுரத்தை அடுத்த சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி அந்தமானின் போர்ட் பிளேயரை அடைய ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுவோர்க்கோ இரண்டு மணிக்குச் சற்று மேலே போதும்.

2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற அவ்வூர், வான்வழியில் சுமார் 1,370 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்று கொண்டால், ஒன்றேமுக்கால் மணிக்குள் சென்றுவிடலாமே! எஞ்சிய நேரம் எங்கே போயிற்று? ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மேலேறவும், இறங்குமுன் வேகம் தணிக்கவும் அது செலவாகிறது. எதிர்க்காற்று வீசினால் பயணம் நீளும். பின்காற்று வீசினால் குறுகும்.

கதிரவன் அங்கே சுமார் ஐம்பது நிமிடம் முன்னதாக உதிக்கிறான். ஆயினும் ஈரிடத்துக் கடிகாரமும் ஒன்றே.

நோயாளியின் உயிர்காக்க விமானம் வேண்டும். தீவு மக்களின் பெருஞ்சுமைக்குக் கப்பலே வேண்டும். ஆகவே மாணவர்களே, தூரத்தை மட்டும் அளந்தால் போதாது. காலத்தையும் தேவையையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.