உங்களுக்குத் தெரியுமா? தூண்டில் முள்ளில் பட்டு!

பட்டு நூலை எப்படிப் பார்த்து வாங்குவீர்கள்? வெளிச்சத்தில் பிடித்துத்தானே? தூண்டில் ஈ (முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்யும் போலிப் பூச்சி) கட்டுகிறவர்கள் தண்ணீரில் நனைத்துப் பார்த்து வாங்குகிறார்கள்!

காய்ந்திருக்கும்போது ஜொலிக்கும் ஆரஞ்சுப் பட்டு, நனைந்ததும் மங்கிப் பழுப்பாகிவிடும். ஆற்றில் இருக்கும் ட்ரவுட் மீனுக்குத் தெரிவது அந்தப் பழுப்புதான். கடைக்காரர் காட்டும் நிறம் மீனுக்குத் தெரியவே தெரியாது!

இன்னொரு விந்தை! நனைந்த பட்டு வழியே உள்ளே இருப்பதும் தெரியும். முள்ளின் கறுப்பு நிறத்தைக் கெடுத்துவிடுமே என்று, முதலில் வெள்ளை நூலைச் சுற்றி அதன்மேல் நிறப் பட்டைச் சுற்றுகிறவர்களும் உண்டு!

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் ஆறுகளில் புகழ்பெற்ற ஈ 'பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச்'. ஒரு முள், ஒரு கவுதாரி இறகு, கொஞ்சம் ஆரஞ்சுப் பட்டு. தீர்ந்தது! கட்டுகிற நூலேதான் பூச்சியின் உடம்பும். மொத்தம் 3 பொருள்!

நூலுக்கு மெழுகு பூசினால் பிடிப்பு கூடும். நிறமும் மாறும்! 1854 மே மாதம். ட்வீட் ஆற்றில் மீன்கள் ஏதோ ஒரு பூச்சியை விழுந்து விழுந்து தின்பதைப் பார்த்தார் பாதிரியார் வில்லியம் கிரீன்வெல். அதைப் போலவே ஒன்று வேண்டும் என்று ஸ்ப்ரௌஸ்டன் கிராமத்து ஜேம்ஸ் ரைட்டிடம் கேட்டார். பிறந்தது 'கிரீன்வெல்ஸ் குளோரி'! இளமஞ்சள் பட்டில் செருப்புத் தைக்கும் மெழுகைத் தேய்த்தால் ஆலிவ் பச்சை வந்துவிடும். அந்தப் பச்சைதான் இந்த ஈயின் உயிர். அந்தப் பாதிரியார் தொல்லியல் அறிஞரும்கூட. வாழ்ந்தது 97 வயது வரை!

100ஆம் எண் நூல், 50ஆம் எண் நூல். எது பருமன்? 50தான்! தையல் பட்டில் எண் ஏற ஏற நூல் மெலியும். டெனியர் கணக்கிலோ அப்படியே தலைகீழ்: 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அதுதான் டெனியர்!

ஈ கட்டுகிறவர்கள் கொண்டாடிய பட்டு 'பியர்சல்ஸ் காஸமர்'. பியர்சல்ஸ் நிறுவனம் தொடங்கிய ஆண்டு 1795. அறுவை சிகிச்சைக்குத் தையல் நூல் செய்ததும் இதே நிறுவனம்தான்! காஸமர் தயாரிப்பு நின்றுவிட்டது. பழைய சுருள்களுக்கு இன்றும் தேடுதல் வேட்டை நடக்கிறது! கிடைக்காதவர்கள் கையில் எடுப்பது 100ஆம் எண் தையல் பட்டு!

அசல் பட்டா, போலியா? ஒரு துண்டைக் கொளுத்துங்கள். முடி கருகும் வாசனை, விரலில் நசுங்கும் சாம்பல் என்றால் பட்டு. உருகிக் கெட்டி மணியானால் பாலியெஸ்டர். சில நொடிகளில் தீர்ப்பு!

பழைய சுருளா? வாங்கும்முன் இழுத்துப் பாருங்கள். வெயில் பட்டுக் கிடந்த பட்டு படக்கென்று அறுந்துவிடும்!

நைலான் வருவதற்கு முன் ஈயை மட்டுமா பட்டில் கட்டினார்கள்? தூண்டில் கயிறும் பட்டுப் பின்னல், ஆளிவிதை எண்ணெய் ஊட்டியது. ஈயையும் கயிற்றையும் இணைத்த மெல்லிய இழை பட்டுப்புழுவை வினிகரில் ஊறவைத்து, அதன் சுரப்பியை இழுத்து நீட்டியது! அந்தத் தொழிலில் பேர்போன ஊர் ஸ்பெயினின் முர்சியா!

சிவப்புக் கம்பளி, இரண்டு சேவல் இறகு. மாசிடோனியர்கள் இப்படி ஈ கட்டி மீன் பிடித்ததை ரோமானிய எழுத்தாளர் ஏலியன் எழுதி வைத்தார். சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பு!

ஈயின் உடம்பில் கறுப்புப் பட்டைச் சுற்றச் சொல்கிறது ஓர் ஆங்கிலப் புத்தகம். அச்சான ஆண்டு 1496!

நம் நீலகிரியிலும் ட்ரவுட் உண்டு! ஊட்டிக்கு அருகே அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்தது 1907இல்!

அச்சில் நிறத்தைக் காட்டினால் போதாது என்று, அசல் பட்டையும் இறகையுமே தங்கள் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தார்கள் யார்க்‌ஷயரின் தூண்டில்காரர்கள் எட்மண்ட்ஸும் லீயும். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1916இல்! அந்தச் சிறப்புப் பதிப்பில் வந்த பிரதிகள் வெறும் 50!