கறிவேப்பிலையில் ஓர் ஆள்மாறாட்டம்

புவனகிரிப் பக்கம் கொல்லையில் கறிவேப்பிலை ஒடிக்கப் போகிறவர்கள், இலைமேல் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டால் எச்சம் நெளியும். தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு மாதிரி இரட்டைக் கொம்பு நீளும். காட்டமான வாடை அடிக்கும். பயப்பட வேண்டாம், கடிக்காது. அது கறிவேப்பிலை அழகியின் புழு. வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும்.

'அழகிகள்' என்ற இந்தப் பட்டாம்பூச்சிக் குடும்பத்தில் பலவற்றுக்குப் பின்சிறகில் வால் உண்டு. வாலை மட்டும் நம்பித் தேடினால் எலுமிச்சை அழகியைத் தவறவிடுவோம். அதற்கு வாலே கிடையாது.

கறிவேப்பிலை அழகியில் ஆண் கறுப்பு. பின்சிறகின் குறுக்கே வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்ணுக்கோ மூன்று வேஷம். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று ரோஜா அழகியையும், மற்றொன்று சிவப்புடல் அழகியையும் அச்சடித்தாற்போல் இருக்கும். ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி வகைச் செடிகளைத் தின்று வளர்ந்து உடம்பில் நஞ்சு சேர்ப்பவை. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுபடி கிட்டே போகாது. நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகி, அந்தப் பயத்தை இரவல் வாங்கிப் பிழைக்கிறது.

வெவ்வேறு இனம் போலத் தெரியும் இந்த மூன்று வேஷக்காரிகளும் ஒரே இனத்தின் பெண்கள்தாம் என்று 1865-இல் வெளியான கட்டுரையில் விளக்கியவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். வேஷத்தைத் தீர்மானிப்பது 'டபுள்செக்ஸ்' என்ற ஒற்றை மரபணு என்று 2014-இல் தெரியவந்தது. அந்த ஆய்வில் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குந்தேயும் ஒருவர். வேடிக்கை என்னவென்றால், சிவப்புடல் அழகிக்கு ஹெக்டர் என்றும் கறிவேப்பிலை அழகிக்குப் பாலிடீஸ் என்றும் 1758-இல் பெயர் வைத்தார் லின்னேயஸ். கிரேக்கக் கதையில் இருவரும் டிராய் மன்னனின் பிள்ளைகள். அசலும் நகலும் பெயரளவில் அண்ணன் தம்பி!

பறவை ஏமாறலாம், நாம் ஏமாற வேண்டியதில்லை. இட்லிப்பூவிலோ உண்ணிச்செடியிலோ தேன் குடிக்கும்போதும் இவை சிறகடிப்பதை நிறுத்துவதில்லை. அதனால் சிறகைப் பார்த்துக் குழம்பாமல் உடம்பைப் பாருங்கள். உடம்பு சிவப்பென்றால் நஞ்சுள்ள அசல், கறுப்பென்றால் வேஷக்காரி.

அடுத்த முறை கறிவேப்பிலையில் புழுவைக் கண்டால் நசுக்கிவிடாதீர்கள். ஒரு கிளையை அதற்கு விட்டுவைத்தால், சாம்பாருக்கு ஒன்றும் குறைந்துவிடாது.