பயிர் வாடினால் கேட்கிறோம்... மனம் வாடினால் மறைக்கிறோம்!

இலையில் மஞ்சள் தட்டினால், அதைக் கிள்ளி எடுத்துக்கொண்டு வேளாண் அலுவலகத்துக்குப் போகிறார் விவசாயி. மாடு தீவனம் எடுக்காவிட்டால், மாலைக்குள் கால்நடை மருத்துவரை அழைத்து வருகிறார். அதே விவசாயி மூன்று வாரமாகத் தூங்காமல், சாப்பிடாமல், வயல் பக்கமே போகாமல் கிடந்தால், வீட்டில் யாரும் வெளியே சொல்வதில்லை. ‘ஊருக்குத் தெரிஞ்சா பொண்ணுக்கு வரன் வராது’ என்ற பயம்தான் காரணம்.

புதுச்சேரி, கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கு விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். இதயத்துக்கும் கண்ணுக்கும் சிகிச்சை தரும் அதே வளாகத்தில் மனநலப் பிரிவும் இருக்கிறது. பேருந்து வசதிக்குக் குறைவில்லை. வரவிடாமல் தடுப்பது வெட்கம்தான்.

சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை!

மனநிலைக் கோளாறுகளில் முக்கியமானவை இரண்டு. முதலாவது, மனச்சோர்வு. இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் ஆர்வம் இல்லாமை, தூக்கக் கேடு, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் ஆகியவை இதன் அறிகுறிகள். நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தவர்களில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் இதற்கு ஆளாகிறார்.

இரண்டாவது, ‘பைபோலார்’ எனப்படும் இருமுனைக் கோளாறு. இதில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். ஏற்றத்தில் இருப்பவருக்கு இரண்டு மணி நேரத் தூக்கமே போதும், பேச்சு நிற்காது. தேவையில்லாத டிராக்டருக்கு முன்பணம் கொடுப்பார். வந்த விலைக்கு நிலத்தை எழுதிக்கொடுக்கவும் துணிவார். இறக்கத்தில் பாயைவிட்டு எழமாட்டார். ஊர் முதலில் ‘திமிர்’ என்கிறது; பிறகு ‘சோம்பேறி’ என்கிறது. இரண்டுமே ஒரே நோயின் அறிகுறிகள்.

வெயிலில் வேலை செய்பவர்கள் கவனத்துக்கு...

இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் பயன்படும் என்று 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் கண்டறிந்தார். இன்றும் இது முக்கியமான மருந்து. ஆனால், வெயிலில் அதிகம் வியர்த்து உடலில் நீர் குறைந்தால், ரத்தத்தில் லித்தியம் அளவு கூடிவிடும். எனவே, வயலுக்குப் போகும்போது தண்ணீர் அவசியம். உணவில் உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளும் லித்தியம் அளவைக் கூட்டும். வாந்தி, பேதி, கடுமையான கை நடுக்கம், தள்ளாட்டம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருத்துவர் சொல்லும் நாளில் ரத்தப் பரிசோதனை முக்கியம். குணமாகிவிட்டது என்று தாமாகவே மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும்.

சங்கிலிக்குத் தடை

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம், ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினர். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. உடல் நோய்க்கு உள்ளதுபோலவே மன நோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்றும் அது சொல்கிறது.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

‘மனசை தைரியமா வச்சுக்கோ’ என்ற அறிவுரையைவிட, ‘வா, நானும் கூட வர்றேன்’ என்ற வார்த்தைதான் உதவும். ஏற்ற நிலையில் இருக்கும்போது பத்திரம், கடன் போன்ற முடிவுகளைத் தள்ளிப்போட வைக்கலாம். மனச்சோர்வில் ஒருவர் இருக்கும் வீட்டில் பூச்சிக்கொல்லி இருக்கவே கூடாது. கடலூர் மாவட்டம், காட்டுமன்னார்கோவில் பகுதியில், பூச்சிக்கொல்லிகளைப் பொதுக் கிடங்கில் பூட்டுப்போட்ட பெட்டிகளில் வைக்கும் முறையைச் செயல்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். எந்த ஊரிலும் இதைச் செய்யலாம்.

நேரில் போகத் தயங்குபவர்கள் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ எண்ணான 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை; 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.