கம்பளத்தின் அடிவிரிப்பு: மென்மையும் தடையும்

மனைக்கு அழகு செய்யும் கம்பளத்தைப் பற்றி மேனாட்டு மொழிகளில் நூல்கள் பல உள. அதன் நிறம், முடிச்சு, கோலம் என்பனவெல்லாம் அவற்றில் விரித்துரைக்கப்பட்டுள்ளன. ஆனால், கம்பளத்துக்கும் தரைக்கும் இடையே எவர் கண்ணுக்கும் புலப்படாது கிடக்கும் அடிவிரிப்பைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. பிரித்தானியா, அமெரிக்கா முதலிய நாடுகளில், சுவருக்குச் சுவர் கம்பளம் பரப்பி வாழும் இல்லங்களிலே, அக்கம்பளம் நெடுங்காலம் உழைப்பதும் சில ஆண்டுகளிற் சிதைந்தொழிவதும் பெரிதும் இவ்வடிவிரிப்பைப் பொறுத்தனவாகும்.

அடிவிரிப்பு வாங்கச் செல்வோர் பெரும்பாலும் நாடுவது மென்மையையே. கடையிலே கம்பளத் துண்டொன்றை அதன்மீது இட்டு மிதித்துப் பார்ப்பர். கால் எவ்வளவு புதைகின்றதோ அவ்வளவுக்கு அது உயர்ந்ததெனக் கொள்வர். இவ்வளவுகோல் பிழையானது. பாதம் ஆழப் புதையும் அடிவிரிப்பு கம்பளத்தைக் காப்பதில்லை, அதனை அழிக்கின்றது. ஓரளவு வளைந்து கொடுத்து, அதற்கு மேல் வளைய மறுப்பதே நல்ல அடிவிரிப்பின் இலக்கணம். இதற்குரிய காரணத்தை அறிவதற்கு முதலிற் பாரத்தைப் பற்றியும் அமுக்கத்தைப் பற்றியும் சிறிது எண்ணுதல் வேண்டும்.

60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஏறத்தாழ 600 நியூட்டன் விசையால் தரையை அழுத்துகின்றார். அவருடைய சப்பாத்தின் குதி 40 சதுர சென்ரிமீற்றர் பரப்புடையதாயின், ஒரு காலில் ஊன்றும்போது சதுர சென்ரிமீற்றர் ஒன்றின்மீது விழும் விசை 15 நியூட்டன். அவரே கூரிய உயர்குதிச் சப்பாத்தை அணிந்து, ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பில் முழுப் பாரத்தையும் ஊன்றுவாராயின் அது 600 நியூட்டன் ஆகிவிடும். எடை மாறவில்லை, அமுக்கமோ நாற்பது மடங்காயிற்று. கம்பளத்தின் அடியில் வெறும் சீமெந்தோ பலகையோ இருப்பின், இவ்வமுக்கம் முழுவதையும் தாங்குவது கம்பளத்தின் மயிர்க்கற்றைகளே. அவற்றின் வேரிலே படிந்து கிடக்கும் நுண்மணல், ஒவ்வோர் அடிக்கும் அரம்போல நின்று இழைகளை அறுக்கின்றது. அடிவிரிப்பு இவ்விடத்திற் செய்யும் தொண்டு இரண்டு: பாரத்தைப் பக்கங்களுக்கும் பரப்புதல் ஒன்று, அடி விழும் கணத்தைச் சற்று நீட்டி மோதலின் கடுமையைத் தணித்தல் மற்றொன்று.

இவ்வாறாயின் அடிவிரிப்பு மேலும் தடித்தும் மேலும் மென்மையாகவும் இருத்தல் நன்றன்றோ என வினவலாம். இதற்கு விடை கேத்திரகணிதத்தில் உளது. குதி புதையும்போது கம்பளத்தில் ஒரு குழி உண்டாகின்றது. அக்குழியின் சரிவு, கிடையாக 20 மில்லிமீற்றரும் ஆழமாக 4 மில்லிமீற்றரும் உடையதெனக் கொள்வோம். பைதகரசின் தேற்றப்படி, சரிவிலே கிடக்கும் கம்பளத்தின் நீளம் 20.4 மில்லிமீற்றர், அஃதாவது கம்பளம் நூற்றுக்கு 2 பங்கு நீள வேண்டும். ஆழம் 8 மில்லிமீற்றராகுமாயின் நீளம் 21.5 ஆகின்றது, நீட்சி நூற்றுக்கு ஏறத்தாழ 8 பங்கு. புதையும் ஆழம் இரட்டித்தால் நீட்சி நான்கு மடங்காகின்றது என்பது இதனாற் பெறப்படும். இந்நீட்சியை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை ஏற்று மீளவேண்டியது கம்பளத்தின் முதுகுத்துணியே.

பண்டைய நெய்கம்பளங்களில் இம்முதுகு இழையோடு இழை பின்னிய ஒரே உடலாக இருந்தது. 1755 இல் தோமசு விற்றி என்பார் இங்கிலாந்தின் அக்சுமின்சுற்றர் என்னும் ஊரிலே கம்பளம் நெய்யத் தொடங்கிய காலத்தில், அடிவிரிப்பின் குறைபாட்டைக் கம்பளமே ஓரளவு பொறுத்துக்கொள்ளும் வலிமை பெற்றிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் யோர்ச்சியா மாநிலத்து டால்ற்றன் நகரை மையமாகக் கொண்டு வளர்ந்த குத்திழைக் கம்பளத் தொழில் இந்நிலையை மாற்றிற்று. இங்கே இழைகள் நெய்யப்படுவதில்லை. ஊசிகளால் ஒரு துணியிற் குத்தி ஏற்றப்பட்டு, பின்புறத்தில் இறப்பர்ப்பாற் பசையால் இன்னொரு துணி ஒட்டப்படுகின்றது. விலை குறைந்தது, ஆயின் ஒட்டு என்றும் ஒட்டே. ஆழமான வளைவு மீண்டும் மீண்டும் நேரும்போது பசை உதிர்ந்து இரு துணிகளும் பிரிகின்றன. நீண்ட கம்பளம் மீளாது அலையலையாக எழுகின்றது. பொருத்துகள் விடுகின்றன. அவ்வலைகளில் முதலில் இடறுவோர் அவ்வீட்டு முதியோர் என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். கண்பார்வை மங்கியோர்க்கும் ஊன்றுகோல் ஏந்தியோர்க்கும் கால் புதையும் தரை இன்பந் தருவதன்று, நிலைகுலைவையே தருவது.

அடிவிரிப்புப் பெரும்பாலும் நுரைப்பொருள். எண்ணிறந்த நுண்ணறைகளின் தொகுதி. இத்தகைய பொருள் அழுத்தப்படும்போது மூன்று படிகளிலே நடந்துகொள்கின்றது. முதலிற் சுவர்கள் சிறிது வளைந்து எதிர்க்கின்றன. அடுத்து அவை மடிய, விசை மிகுதியாக ஏறாமலே நுரை நெடுந்தூரம் அமுங்குகின்றது. இறுதியிலே சுவர்கள் ஒன்றையொன்று தொட்டு, நுரை திண்பொருளாகி, மேலும் அமுங்க மறுக்கின்றது. மோதலின் சத்தி பெரிதும் உறிஞ்சப்படுவது நடுப்படியிலேதான். நடப்போரின் பாரம் நடுப்படியிலே முடிய வேண்டும். மூன்றாம் படியைத் தொடலாகாது. தொட்டால், தடித்த விரிப்பு இருந்தும் இல்லாததே ஆகும். இதனை அமைப்போன் கையாளும் முதற் கருவி அடர்த்தி. லோர்னா கிப்சன், மைக்கேல் அசுபி ஆகிய இருவரும் 1988 இல் வெளியிட்ட நூலில் விளக்கியவாறு, திறந்த அறைகளையுடைய நுரையின் விறைப்பு அடர்த்தியின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். அடர்த்தி இரட்டித்தால் விறைப்பு நான்மடங்கு. ஆகவே தடிப்பைக் கூட்டி அடர்த்தியைக் குறைப்பது, மலிவான பொருளைப் பருமனாகக் காட்டி விற்கும் வணிகனுக்கன்றி வேறெவர்க்கும் நன்மை பயவாது.

பொருள்களின் வரலாறும் சுவையானது. முற்காலத்தில் மாட்டுமயிரையும் சணலையும் அடித்துச் செறித்த தடித்த விரிப்பே வழங்கிற்று. அது மெல்லெனத் தோன்றாது. எனினும் நெடுங்காலம் உழைக்கும், வெப்பத்தையும் தாங்கும். பூச்சியும் ஈரமுமே அதன் பகைகள். பின்னர் இறப்பர் வந்தது. கியூ பூங்காவிலிருந்து 1876 இல் இலங்கையின் எனரத்கொடைப் பூங்காவுக்கு வந்த நாற்றுகளோடு கீழைத்தேயத்தில் வேரூன்றிய அம்மரத்தின் பால், அமோனியாவினாற் காக்கப்பட்டு, நூற்றுக்கு 60 பங்கு இறப்பராகச் செறிவாக்கப்பட்டு ஆலைகளைச் சென்றடைகின்றது. 1929 இல் இங்கிலாந்தின் பேர்மிங்காமில் டன்லொப் ஆய்வாளர் அப்பாலைச் சவர்க்காரத்தோடு அடித்து நுரையாக்கி, அந்நுரை சரியுமுன் உறையச் செய்து, கந்தகத்தின் துணையோடு வெப்பமூட்டிப் பதப்படுத்தும் முறையைக் கண்டனர். முட்டை வெண்கருவை அடிப்பது போன்ற எளிய செயலாக இது தோன்றினும், நுரை உறையும் கணத்தை ஆளுவதே இதன் நுட்பம். சற்று முந்தினால் அச்சு நிரம்பாது. பிந்தினால் நுரை இடிந்து விழும்.

இறப்பர் விரிப்பில் ஒரு மறைபொருள் உண்டு. விலையைக் குறைப்பதற்காக அதிற் சுண்ணத்தூளும் களிமண்ணும் சேர்ப்பர். அளவோடு சேர்த்தல் குற்றமன்று. மிகுதியாகச் சேர்த்த விரிப்போ தூக்கினாற் கனக்கும். கனம் கண்டு அடர்த்தி மிக்கதென வாங்குவோர் ஏமாறுவர். கனம் கல்லுக்குரியது, மீள்தன்மை இறப்பருக்குரியது. எனவே அடர்த்தியை ஒரே இனப் பொருள்களுக்குள்ளே ஒப்பிடலாமேயன்றி, இனம் விட்டு இனம் ஒப்பிடலாகாது. மேலும் இறப்பரின் மூலக்கூற்றில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஒட்சிசன் தாக்கும். வெப்பம் அத்தாக்கத்தை விரைவுபடுத்தும். காப்புப்பொருள் குறைந்து தூள் மிகுந்த விரிப்பு சில காலத்தில் மீள்தன்மை இழந்து, பொடியாக உதிர்ந்து தரையிலே அப்பிக்கொள்ளும். பழைய கம்பளத்தை அகற்றும் தொழிலாளர் அதனைச் சுரண்டி எடுக்கப் படும் பாடு பெரிது.

ஒட்டோ பாயர் 1937 இல் செருமனியிற் கண்ட பொலியூரதேன், பின்னர் நுரையாகி இத்துறையையும் கைப்பற்றியது. இன்று அமெரிக்க இல்லங்களில் மிகுதியாக வழங்குவது, மெத்தை, இருக்கை முதலியன செய்கையில் வெட்டியெறிந்த நுரைத் துண்டுகளை அரைத்து, மீண்டும் ஒட்டி, தகடுகளாகச் சீவி எடுத்த பலநிற விரிப்பே. கழிவு பொருளாவதால் இது பாராட்டத்தக்கது. இவ்வினத்திற் கன அடிக்கு 6 முதல் 8 இறாத்தல் அடர்த்தியுள்ளவை இல்லங்களுக்கு ஏற்றவை. தடிப்புக் கால் அங்குலத்துக்குக் குறையாமலும் 7/16 அங்குலத்துக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கு. குட்டை மயிருள்ள கம்பளமும் வளைய இழைக் கம்பளமும் எளிதில் நெகிழ்வன. அவற்றுக்கு 3/8 அங்குலமே மேலெல்லை. விரிப்பின் துண்டொன்றைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே நசுக்கிப் பார்த்தல் எளிய சோதனை. விரல்கள் தடையின்றிச் சந்திக்குமாயின் அவ்விரிப்புக் கட்டிலுக்கு உதவினும் தரைக்கு உதவாது.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். குளிர்நாட்டார் அடிவிரிப்பை விரும்புவதற்கு அது குளிரைத் தடுப்பதும் ஒரு காரணம். துணிகளின் வெப்பத்தடையை அளக்க 1940களில் மன்செசுற்றரின் சேர்லி நிலையத்தில் ‘தொக்’ என்னும் அலகு வகுக்கப்பட்டது. தரைக்கு அடியிற் சுடுநீர்க் குழாய் பதித்து அறையைச் சூடாக்கும் வீடுகளிலோ இத்தடையே இடையூறாகின்றது. அங்கே கம்பளமும் அடிவிரிப்பும் சேர்ந்து 2.5 தொக்குக்கு மேற்படலாகாது என்பது பிரித்தானிய வழக்கு. அந்த எல்லையிலே, மேலுக்கும் கீழுக்கும் 10 பாகை வேறுபாடு இருப்பினும் சதுர மீற்றருக்கு 40 உவாற்றே மேலெழும். கம்பளம் ஒன்றே 1.5 தொக்கு எனின், அடிவிரிப்புக்கு எஞ்சுவது 1 மட்டுமே. இத்தகைய வீடுகளில் மலிவான இறப்பர் விரிப்பை இடுவது இரட்டைத் தவறு; வெப்பத்தையும் தடுக்கும், வெப்பத்தால் தானும் கெடும்.

ஈரங் கசியும் தரையில், ஈரத்தை முதலில் நிறுத்தாமல் எவ்விரிப்பை இட்டாலும் பூஞ்சணமே விளையும். மாடிவீடுகளிற் காலடி ஓசை கீழ்வீட்டாரைச் சென்றடையாமற் காப்பதற்கு அடிவிரிப்பைப்போல மலிவான சாதனம் வேறில்லை.

படிக்கட்டே மிகக் கடுமையான சோதனைக் களம். படியின் விளிம்பிலே கம்பளம் ஏறக்குறைய மடிந்தே கிடக்கின்றது. இறங்குவோரின் முழுப் பாரமும் அவ்விளிம்பில் விழுகின்றது. ஆதலால் அங்கே மெல்லியதும் மிக அடர்ந்ததுமான விரிப்பை இட்டு, அதனை விளிம்புக்கு அப்பாலும் மடித்துக் கட்டுவர். விளிம்போடு நறுக்கிவிட்டால், கூரிய மரவிளிம்பே கம்பளத்தை அறுக்கும். தனித்துக் கிடக்கும் கைம்முடிச்சுக் கம்பளத்துக்கு வேறு விதி. மெருகிட்ட தரையில் அது வழுக்காதிருத்தலே அங்கு முதன்மை. அடியில் இடும் விரிப்பை ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் அங்குலம் குறைத்து நறுக்கினால், கம்பளத்தின் ஓரம் தரையோடு படிந்து கிடக்கும், காலும் தட்டாது.