மலையில் பிறக்கும் கடற்கரை

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் ரயில் பாதையில் உள்ள வத்தேகம, எந்த உயரத்தில் ஏறி நின்றாலும் கடல் கண்ணுக்குத் தெரியாத மலைநாட்டு ஊராயினும், அதன் கிழக்கே எழும் நக்கிள்ஸ் மலைத்தொடரில் பெய்யும் மழைநீர் இறுதியில் சென்று சேருமிடம் திருகோணமலைக் கடலேயாகும். மலைக்காடு, ஆற்றுப் படுகை, யானைகள் உலவும் பூங்கா, வெண்மணற் கரை ஆகியவை சுற்றுலாக் கையேடுகளில் தனித்தனி இடங்களாகக் காட்டப்பட்டாலும், 335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலி கங்கை அவற்றை ஒரே நிலமாக இணைத்து வைத்திருக்கிறது.

மடக்கிய கைவிரல்களின் முட்டிகளைப் போலத் தோன்றுவதால் ஆங்கிலேயர் நக்கிள்ஸ் என்று அழைத்த இம்மலைத்தொடர் சிங்களத்தில் தும்பற எனப்படுகிறது. இதன் மிக உயர்ந்த சிகரமான கொம்பனிய 1906 மீற்றர் உயரமுடையது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவப்பெயர்ச்சிக் காற்றுகளும் இம்மலையில் மோதி மழை தருகின்றன. உச்சிப் பகுதியில் உள்ளவை முகிற்காடுகள், அதாவது மழை இல்லாத நாட்களிலும் இலைகளிலும் பாசியிலும் படியும் மூடுபனியை நீராக்கி மண்ணுக்குள் இறக்கும் காடுகள். காற்றின் வேகத்தால் அங்குள்ள மரங்கள் குட்டையாகவே நின்றுவிடுகின்றன. மூக்கின் நுனியில் இலை போன்ற கொம்புடைய ஓணான் இனம் ஒன்று உலகில் இம்மலைத்தொடரைத் தவிர வேறெங்கும் காணப்படுவதில்லை. கோப்பியும் பின்னர் தேயிலையும் சரிவுகளை விழுங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1873இல், 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளைப் பாதுகாக்க முடிவு செய்யப்பட்டது; அந்த முடிவு இல்லாதிருந்தால் இன்று இம்மலையில் தோன்றும் ஆறுகளின் ஊற்றுக்கண்கள் எஞ்சியிருக்குமா என்பது ஐயமே. எனினும் பெருமரங்களை விட்டுவைத்து அவற்றின் நிழலில் ஏலம் பயிரிட்டபோது அடிக்காடு அழிந்ததால், முதிய மரங்களின் இடத்தை நிரப்பவேண்டிய இளங்கன்றுகள் இல்லாமற்போயின. 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்ட இக்காடு, 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

இம்மலையில் தோன்றும் ஹுலு கங்கை விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மகாவலியுடன் கலக்கிறது. வத்தேகமவுக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லையிலோ, 1976இல் கட்டி முடிக்கப்பட்ட அணை மகாவலி நீரின் ஒரு பகுதியைச் சுரங்கவழியாக உக்குவளைக்குத் திருப்பிவிடுகிறது. மின்சாரம் தந்த பின் அந்த நீர் சுது கங்கை வழியே அம்பன் கங்கையை அடைகிறது. அம்பன் கங்கைக்கும் மகாவலிக்கும் இடைப்பட்ட நிலமே 1984இல் தேசியப் பூங்காவான வஸ்கமுவ.

அதற்கும் கீழே சமவெளியில் ஆறு அகன்று பரவும் இடங்களில் வில்லுகள் உள்ளன. வெள்ளக்காலத்தில் நீர் நிறைந்தும், கோடையில் நீர் வடிந்து பசும்புல் படர்ந்தும் காணப்படும் ஆழமற்ற தாழ்நிலங்களுக்கே வில்லு என்று பெயர். வறட்சியில் காடு காயும்போது யானைக் கூட்டங்களுக்கு உணவளிப்பவை இவையே. வெள்ளத்தை அழிவாக மட்டுமே எண்ணிப் பழகிய நமக்கு, ஆறு கரைமீறிப் பாய்வதால்தான் இந்நிலங்கள் உயிர்வாழ்கின்றன என்பது எளிதில் புலப்படுவதில்லை. மேலே அணைகள் எழுந்து வெள்ளத்தின் அளவும் காலமும் மாறியபோது வில்லுகளின் இயல்பும் மாறத் தொடங்கியது.

முகத்துவாரத்தை நெருங்குகையில் வெருகல் ஆறு தனியே பிரிந்துவிட, மகாவலி மூதூர்ப் பக்கமாகக் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. இக்குடாவில் கரைக்கு மிக அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழ்ந்து செல்கிறது. திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழமும், திமிங்கிலங்கள் கரைக்கு அண்மையில் வருவதும் இப்பள்ளத்தாக்கோடு தொடர்புடையவை. வடக்கே புல்மோட்டைக் கரையில் கருமையாகப் படிந்துள்ள இல்மனைற்று மணலும் மலைநாட்டுப் பாறைகள் சிதைந்து, ஆறுகள் வழியே கடலடைந்து, அலைகளால் பிரித்தெடுக்கப்பட்டுக் கரையொதுங்கியதே.

நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் உள்ள புறாமலை 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இங்குள்ள முருகைக்கற்கள் வெறும் பாறைகள் அல்ல. ஊசிமுனையளவு உயிரினங்கள் சுண்ணாம்பைச் சுரந்து, ஒன்றன்மேல் ஒன்றாக, ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் முதல் சில சென்ரிமீற்றர் வரை வளர்த்தெடுத்த குடியிருப்புகள். அவற்றுக்கு ஒளி புகும் தெளிந்த நீர் வேண்டும். சேறு படிந்தால் மூச்சுத் திணறும். ஆற்றுவாய்க்கு அப்பால், கலங்கல் குறைந்த நீரில் அவை செழிப்பதன் காரணம் இதுவே. மலைச்சரிவில் மரம் வெட்டப்பட்டு மண் கரைந்தோடினால் அந்தக் கலங்கல் நீர்த்தேக்கத்தையும் வில்லையும் தூர்ப்பதோடு நில்லாமல் கடலையும் சென்றடையும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கடல் அமைதியுறும் மாதங்களில் கண்டிப் பகுதியிலிருந்து திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கும் நிலாவெளிக்கும் செல்வோர் பலர். அவர்கள் புறாமலையில் முருகைக்கல்லின் மீது காலூன்றாமலும் அதன் துண்டுகளை நினைவுப்பொருளாக எடுத்து வராமலும் இருக்க வேண்டும். வீடு திரும்பிய பின், தம் ஊரின் ஓடையில் பிளாஸ்டிக் பை ஒன்றை எறியவும் கை ஓங்கக் கூடாது, ஏனெனில் அந்த ஓடையும் அதே கடலுக்குத்தான் செல்கிறது.